கரைந்துபோன சம்மனசு

பூசை பாதியில் இருக்கும்போது பீடத்துப் படத்தில் சம்மனசின், அதாவது வானதூதனின், இடது இறக்கை கரையத் தொடங்கியது. முதலில் கவனித்தவன் நான்தான். அந்த இறக்கையை வரைந்தவனும் நான்தான் என்பதால், பீடத்தில் நடப்பதை விட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். படக்காரனுக்குக் கோயிலில் வேறு பக்தி கிடையாது. இறகின் நுனியில் பால்போல ஒரு சொட்டு திரண்டது, கொஞ்சம் யோசித்தது, பிறகு இறங்கியது. அதன் பின்னால் இன்னொன்று. பாடகர்கள் ஆமெனை இழுத்து முடிப்பதற்குள் இறக்கை முழுவதும் வழிந்து, வெள்ளை அங்கியும் மடிப்பு மடிப்பாகக் கழன்று, உள்ளேயிருந்து ஒரு தொடை வெளியே வந்தது. ஆண் தொடை. வெயில் பட்ட, ஓடிக் களைத்த, எங்கள் மாஸ்டர் ரொம்ப நாள் உழைத்து வரைந்த நல்ல தொடை.

பூசை வைத்துக்கொண்டிருந்தவர் ஆயரின் பிரதிநிதி. படத்துக்கு நேர் முன்னால் நின்றார். தூக்கிய கைகள் தூக்கியபடியே நின்றுவிட்டன. அவர் கண்ணெதிரே, வேதத்துக்காக உயிர்விட்ட வேதசாட்சிப் பெண்ணின் கையிலிருந்த குருத்தோலை ஒழுகிப் போய், அவளுடைய விரல் நுனிகளிலிருந்து இலைகள் முளைத்தன. மூலையிலிருந்த பாறை கலங்கி, அது இருந்த இடத்தில் தாடியில் நீர் சொட்ட ஒரு கிழவன் குடத்தைக் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அந்தக் கிழவனுக்கு எங்கள் மாஸ்டர் கஸ்பரேயின் முகம். மாஸ்டர் என் பக்கத்தில்தான் முழந்தாளிட்டிருந்தார். கோயில் மொத்தமும் படத்தைப் பார்த்தது, பிறகு திரும்பி அவரைப் பார்த்தது. “சேசு மரி சூசை” என்றாள் எனக்குப் பின்னால் ஒருத்தி. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பயத்தில் வருகிற சிரிப்புதான். ஆனால் அது என்ன வகைச் சிரிப்பு என்று கேட்பவர்களுக்கு எப்படித் தெரியும்? தூண்களில் மோதி, நல்ல சத்தமாகவே திரும்பி வந்தது.

பீடத்துக்கு வலப்பக்கம், மடத்தின் கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கம், மாஸ்டரின் மகள் தியனோரா வெள்ளை உடையில் முழந்தாளில் இருந்தாள். அன்றைக்கு அவளுக்கு முடி கத்தரித்து முக்காடு போட்டுக் கன்னியர் மடத்தில் சேர்க்கிற நாள். பாட்டு நின்றது. உள்ளேயிருந்து யாரோ அவசரமாகக் கறுப்புத் திரையை இழுத்தார்கள்.

இது எப்படி நடந்தது என்று சொன்னால் முழுப் பழியும் என் தலையில்தான் வந்து விழும். விழட்டும், அதற்கு வேறு வேலையும் இல்லை.

பொலோஞ்ஞா நகரத்தில் பட்டு ஆலைக் கால்வாய் ஓரத்தில் எங்கள் பட்டறை. மாஸ்டர் உடம்புகளை வரைவார். லாஸரோ மேகம் வரைவான். நான் இலை. கடவுள் ஒரே ஆளாகச் செய்ததை நாங்கள் மூன்று பேராகப் பங்கு போட்டுச் செய்தோம், அதிலும் இலைக்காரனைக் கடைசியில்தான் கூப்பிடுவார்கள். அந்தப் படத்தைக் கேட்டது ஒரு கோமான். புதிதாகக் கல்யாணமானவர். இங்கே பணக்காரர்கள் படுக்கையறைக்குப் பழைய லத்தீன் பாட்டுகளிலிருந்து ஒரு காட்சியை எடுத்து வரைந்து மாட்டிக்கொள்வார்கள். புருஷனும் பெண்டாட்டியும் அழகான உடம்புகளைப் பார்த்துக்கொண்டே தூங்கினால் பிறக்கிற பிள்ளை அழகாகப் பிறக்குமாம். எங்கள் ஊர்க் கோமான்களின் பிள்ளைகளைப் பார்த்தவர்கள் இதை நம்ப மாட்டார்கள். ஆனாலும் எங்கள் அடுப்பு எரிந்தது இந்த நம்பிக்கையில்தான்.

கோமான் கேட்ட காட்சி எல்லோருக்கும் தெரிந்ததுதான். சூரியக் கடவுள் ஒரு பெண்ணைத் துரத்துகிறான். அவள் ஓடுகிறாள். இனி ஓட முடியாது என்கிற இடத்தில், நதியாக இருக்கும் தன் அப்பனைக் கூப்பிட்டு என்னைக் காப்பாற்று என்கிறாள். அப்பன் அவளை லாரல் மரமாக்கிவிடுகிறான். துரத்தியவன் கை வைத்தபோது அங்கே இருப்பது மரப்பட்டை. பெண்ணின் உடம்புக்கு மீன் சந்தை ரோஸாவைக் கூப்பிட்டார்கள், ஏனென்றால் அவள் குளிருக்கு அஞ்சாதவள். முகத்துக்கும் கைக்கும் மாஸ்டர் தன் மகளையே நிற்க வைத்தார், ஏனென்றால் அவளுக்குக் கூலி கிடையாது.

அந்தக் கைகள் என் பங்கு. லாரல் கிளையைச் சின்னச் சின்னதாக முறித்து, தியனோராவின் விரல் ஒவ்வொன்றிலும் நூலால் கட்டிவிட்டு, அவள் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்க, நான் எதிரே உட்கார்ந்து இலையாக வரைந்தேன். அந்த மாதிரி உட்கார்ந்திருப்பதற்கு நான் கூலி கொடுத்திருப்பேன். பேசாமல் வரையத் தெரியாதவன் நான். “தியனோரா, என்னைக் கட்டிக்கோயேன். வீடு முழுக்க இலையா வரஞ்சு தர்றேன். பசிச்சா நீ அதத் திங்கலாம்” என்பேன். “சிரிக்க வைக்காத, கை ஆடுது” என்பாள். மறுநாளும் கேட்பேன், வேறு விதமாக. ஒருநாள் மண்டியிட்டு, தூரிகையை நெஞ்சில் வைத்துக்கொண்டு, நாடகக்காரன் குரலில் கேட்டேன். லாஸரோ மேகத்திலிருந்து இறங்கிவந்து கைதட்டினான். தியனோரா சிரிக்காமல் என்னையே பார்த்தாள். “இவன் எப்ப நெஜமாப் பேசறான்னு யாருக்குடா தெரியும்?” என்று லாஸரோவிடம் கேட்டாள். “அவனுக்கே தெரியாது” என்றான் அவன். நானும் சேர்ந்து சிரித்தேன்.

படம் முடிந்தபோது கோமானுக்குச் சிறுநீரகத்தில் கல் வந்தது. வலியில் பக்திமான் ஆகிவிட்டார். தொடைகள் வேண்டாம் என்று ஆள் அனுப்பினார். படம் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றது.

அந்த வருஷக் கோடையில்தான் மாஸ்டர் மகளை மடத்துக்கு அனுப்புவதென்று முடிவு செய்தார். மாப்பிள்ளை தேடினால் சீதனம் கொடுக்க வேண்டும். மடத்துக்கும் சீதனம் உண்டு, ஆனால் குறைச்சல், அதைக் காசாகத்தான் தர வேண்டும் என்றும் இல்லை. படமாகக் கொடுத்தால் மடம் வாங்கிக்கொள்ளும், பீடத்துக்கு ஒரு பெரிய படம் அவர்களுக்குத் தேவையாகவும் இருந்தது. முழுச் சீதனத்தோடு போகிற பெண் உள்ளே பாட்டுப் பாடும் சகோதரி ஆவாள். தனி அறை, புத்தகம், வெளியார் வந்தால் உட்கார்ந்து பேச நாற்காலி. இல்லாமல் போகிறவள் பணிச் சகோதரி. பாடுகிறவர்களின் துணியைத் துவைத்து, பாத்திரம் கழுவி, அப்படியே சாக வேண்டியதுதான். அந்த லத்தீன் பாட்டில் வரும் பெண்ணாவது வாய் திறந்து அப்பனைக் கேட்டாள். இவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மாஸ்டர் என்னையும் லாஸரோவையும் கூப்பிட்டார். சுவரைப் பார்த்த படத்தைத் திருப்பினார். “இவள வேதசாட்சி ஆக்குங்க. இவன சம்மனசு ஆக்குங்க. கிரீடம் குடுக்க வர்ற மாதிரி. கை ஏற்கனவே நீட்டிட்டுத்தானே இருக்கு” என்றார். நீட்டிய கைதான். எதற்காக நீட்டியது என்பது மட்டும்தான் மாற வேண்டும். ஓடுகிற பெண்ணுக்கு உடை போர்த்தினோம். விரல் இலைகளை மறைத்துக் குருத்தோலை பிடிக்க வைத்தோம். மூலையில் குடத்தோடு இருந்த நதியப்பனைப் பாறையாக்கினோம். அந்த முகத்தை மறைக்கும்போது மாஸ்டர் வெளியே போய்விட்டார்.

எண்ணெய்ச் சாயம் காய மாதக் கணக்காகும், நாள் இல்லை. நீர்ச்சாயம் எண்ணெயில் ஒட்டிப் பிடிக்கப் பழைய படத்தின் மேல் பூண்டைத் தேய்த்து, பசையில் குழைத்த நீர்ச்சாயத்தால் பூசினேன். மதியம் பூசினால் சாயங்காலம் காய்ந்துவிடும். அதன் மேல் வார்னிஷ் ஒரு கை பூசிவிட்டால் தண்ணீர் அண்டாது. இது எங்கள் தெருவில் எல்லோரும் செய்கிற திருட்டுத்தனம்தான், ஒழுங்காகச் செய்தால் நூறு வருஷம் நிற்கும். நானும் ஒழுங்காகத்தான் ஆரம்பித்தேன். வேதசாட்சியின் முகம், தோள், வானம் எல்லாம் வார்னிஷ் பூசி முடித்தேன். இடது பக்கத்துக்கு ஏணியை நகர்த்த வேண்டும். அன்றைக்குப் பர்த்தொலோமேயு திருநாள். சதுக்கத்தில் அரண்மனை மாடத்திலிருந்து சுட்ட பன்றியைக் கூட்டத்தின் மேல் வீசுகிற நேரம். வாசனை கால்வாய் வரைக்கும் வந்துவிட்டது. வந்து பூசிக்கொள்ளலாம் என்று ஓடினேன். பன்றியில் எனக்கு ஒரு காது கிடைத்தது. அதை யாரோ பிடுங்கிக்கொண்டார்கள். திரும்பி வந்தபோது வண்டிக்காரர்கள் படத்தை மூட்டை கட்டி ஏற்றியிருந்தார்கள். நான் நிறுத்தச் சொல்லவில்லை. முக்காடு போடுகிற நாளன்று காலையில் ஒரு சகோதரி, பெரிய மனிதர் வருகிறாரே என்று, ஈக்கறை போக ஈரப் பஞ்சால் படத்தை நன்றாகத் துடைத்திருக்கிறாள். மீதி தெரிந்ததுதான்.

மடத்துத் தலைவி சத்தம் போடவில்லை. இந்தப் படத்தைச் சீதனமாக ஏற்க முடியாது என்று சொல்லி அனுப்பினாள். பெண்ணைத் திருப்பி அனுப்பவும் இல்லை. பணிச் சகோதரியாக இருந்துகொள்ளட்டும் என்றாள். பாட்டு, மெழுகுவர்த்தி எதுவும் இல்லாமல், சமையலறைக் கதவு வழியாகத் தியனோரா உள்ளே போனாள். படம்? அதுவும் எங்களுக்குத் திரும்பி வரவில்லை. கிறிஸ்தவர்கள் பார்க்கத் தகாதது என்பதால் ஆயரின் பிரதிநிதி அதைத் தன் சொந்த அறைக்கு எடுத்துப் போனார். மேலே பச்சைப் பட்டுத் திரை போட்டு, வருகிறவர்கள் கண்ணில் படாமல் அவரே காவல் காத்து வருவதாகக் கேள்வி.

நான் மாஸ்டரிடம் போனேன். அவர் ஒரு சீமாட்டியின் கழுத்தை வரைந்துகொண்டிருந்தார்.

“மாஸ்டர், மடத்துக்குப் போய் தப்பு என்னோடதுன்னு சொல்லிடட்டா?”

“அந்தத் துணிய இங்க எடு.”

எடுத்துக் கொடுத்தேன். “இல்லன்னா இன்னொரு படம் வரஞ்சு குடுத்துடலாமே. நான் கூலி வாங்காம இலை போடறேன். லாஸரோவும் சரின்னுட்டான்.”

“நான் எப்படா சரின்னேன்?” என்றது மேகத்திலிருந்து ஒரு குரல்.

“மாஸ்டர், அவ அங்க துணி தொவைக்கிறா.”

அவர் கழுத்தின் நிழலைத் துடைத்துவிட்டு மறுபடி போட்டார். பிறகு துடைத்தார். “எல்லா வீட்லயும்தான் பொம்பளைங்க துணி தொவைக்கிறாங்க” என்றார். என்னைப் பார்க்கவில்லை. அந்த நேரத்தில்தான் எனக்கு விளங்கியது. பணிச் சகோதரிக்குச் சீதனம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. என்னுடைய தப்பால் மாஸ்டருக்கு நஷ்டமே இல்லை, யாருக்கும் வேண்டாமல் கிடந்த படம் போயிற்று, மகளும் உள்ளே போய்விட்டாள். என்மேல் அவர் ஏன் கோபப்படவே இல்லை என்று இத்தனை நாள் நன்றியோடு யோசித்துக்கொண்டிருந்தேன்.

அன்று மாலை லாஸரோவோடு கால்வாய்ப் படியில் உட்கார்ந்து சுட்ட கஷ்கொட்டை தின்றுகொண்டிருந்தேன். “கடவுளுக்குக் கடைசி வார்த்தைப்பாடு குடுக்கற வரைக்கும் ஒருத்தன் கட்டிக்கிறேன்னு வந்தா பொண்ண வெளிய விட்டுடுவாங்கதானே?” என்றேன்.

“விடுவாங்க. அந்த ஒருத்தன் யாரு?”

“நான்தான்.”

“நல்லாருக்கு. இதையும் மண்டி போட்டு, தூரிகைய நெஞ்சுல வச்சுட்டுச் சொல்லு பாப்போம்.”

“விளையாடாதடா.”

“அடடா” என்றான் லாஸரோ. கஷ்கொட்டைத் தோலைத் தண்ணீரில் போட்டான். “நீ போய் என்ன ‘விளையாடாத’ங்கற. ஊருக்குள்ள மழ கொட்டப் போவுது, மாப்ள.”

“அவ வருவாளா, மாட்டாளா? அதச் சொல்லு.”

“நான் மேகக்காரன். என்கிட்ட எதுவும் நிக்காது” என்று எழுந்து போய்விட்டான்.

மடத்தின் சந்திப்பு அறையில் ஒரு பெஞ்சும் ஒரு கம்பித் தடுப்பும்தான். தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு மூத்த சகோதரி உட்கார்ந்திருப்பாள். பேசுவதைக் கேட்பது அவள் வேலை. அன்று இருந்தவள் கையில் ஜெபமாலையோடு கண்ணை மூடிக்கொண்டிருந்தாள், தூங்குகிறாளா என்று சொல்ல முடியவில்லை. தியனோரா வந்தாள். நாற்காலி கொடுக்கவில்லை, நின்றாள். கைகளை முழங்கை வரைக்கும் சுருட்டிவிட்ட சட்டை. துணி வெளுக்கும் சாம்பல் தண்ணீரில் தோல் வெந்து, விரல் கணுக்களில் வெடிப்பு. நான் இலை இலையாகப் பார்த்து வரைந்த விரல்கள். பார்க்காததுபோல் இருக்க முயன்றேன்.

“என்ன, சிஸ்டர்? இங்க வெளிச்சம் எல்லாம் நல்லாருக்கா? பேசாம நானும் முக்காடு போட்டுட்டு வந்துடட்டா?” என்றேன். வாய் என் அனுமதி கேட்காமல் ஆரம்பித்துவிட்டது.

“அப்பா எப்படி இருக்கார்?”

“கழுத்து வரைக்கும் வேலை. ஒரு சீமாட்டியோட கழுத்து.”

சிரிக்கவில்லை. கம்பியில் கை வைத்தாள், எடுத்து அதன் கீழே கல்விளிம்பில் ஈரத்தோடு ஊன்றிக்கொண்டாள்.

“வார்னிஷ் நான்தான் பூசாம விட்டேன்” என்றேன். “ஏணிய நகத்தச் சோம்பல். பன்றி பாக்கப் போயிட்டேன்.”

“தெரியும்.”

“தெரியுமா?”

“சடங்குக்கு முன்னாடியே என்ன இங்க கொண்டாந்து வச்சிருந்தாங்களே, படம் வந்தப்பவே பாத்தேன். ஒரு பக்கம் மினுங்குது, ஒரு பக்கம் மங்கிக் கெடக்குது. படக்காரன் வீட்ல பொறந்தவளுக்கு அதுகூடத் தெரியாதா?”

“அப்ப ஏன் சொல்லல? ஓடி வந்து பூசிக் குடுத்திருப்பேனே.”

“அதனாலதான் சொல்லல.” தரையைப் பார்த்தாள். “அந்தச் சகோதரி தொடைக்கப் போறேன்னு சொன்னப்பவும் நான் வாயத் தெறக்கல. நல்லா அழுத்தித் தொடைங்கன்னுதான் சொன்னேன்.”

மூத்த சகோதரியின் ஜெபமாலை நின்றது. கண் திறக்கவில்லை.

“பூசை நின்னுடும், சடங்கு நின்னுடும், ஒரே கலவரமாகும்னு நெனச்சேன். நெனச்ச மாதிரியேதான் ஆச்சு. அந்தக் கலவரத்துல யாராவது எழுந்து நின்னு, இந்தப் பொண்ண விடுங்க, நான் கூட்டிட்டுப் போறேன்னு ஒரு வார்த்த சொல்வாங்கன்னு பாத்தேன். அப்பாவப் பாத்தேன். தலையக் கவுத்துக்கிட்டார். அப்புறம் உன்னப் பாத்தேன். நீ சிரிச்சிட்டிருந்தே.”

“அது பயத்துல வந்தது, தியனோரா.”

“இருக்கும்.”

வெளியே கல் பாவிய தெருவில் சணல் வண்டி ஒன்று குலுங்கிப் போகும் சத்தம் நெடுநேரம் கேட்டது. என் தலைக்குள் ஒரு நூறு வேடிக்கைப் பேச்சுகள் வரிசையில் வந்து நின்றன. இந்த இடத்தில் எதைச் சொன்னால் அவள் உதடு ஓரத்தில் கொஞ்சமாவது அசைவு வரும் என்று எனக்குத் தெரியும். வாழ்க்கையில் எனக்கு நிச்சயமாகத் தெரிந்த ஒரே வித்தை அது. ஒவ்வொன்றாகத் திருப்பி அனுப்பினேன். அதற்கு நேரம் பிடித்தது. அவள் காத்திருந்தாள்.

“நான் ஒண்ணு கேக்கறேன்” என்றேன். குரல் எனக்கே பழக்கமில்லாத குரலாக இருந்தது. “நேரா பதில் சொல்லு. எல்லாரும் சுத்திச் சுத்திப் பேசறாங்க, நானும் அப்படித்தான் பேசிப் பழகிட்டேன். நீ இன்னும் வார்த்தைப்பாடு குடுக்கல. வெளிய வந்துடு. என்னக் கட்டிக்கோ. மேகக்காரன் வீட்டு மாடில ஒரு அறை இருக்கு. வருவியா?”

அவள் என் முகத்தைக் கூர்ந்து பார்த்தாள். அது விளையாட்டில்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவள் கண்ணில் ஏதோ தளர்ந்தது, அது எனக்கு ஆதாயம் என்று ஒரு நொடி நினைத்துக்கொண்டேன்.

“லாரல் கட்டிட்டு நின்னப்ப இத இப்படிக் கேட்டிருந்தா, கையில நூல் இருக்கறத அவுக்காமலே வந்திருப்பேன்” என்றாள். “இப்ப வரமாட்டேன், மாஸோ. நீ இப்ப என்னக் கேக்கல. என் கையப் பாத்துட்டுக் கேக்கற. தெனமும் காலைல அந்த அறையில எழுந்திரிச்சு, நீ என் கையப் பாக்கறத நான் பாக்கணும். இங்க தொவைன்னு சொன்னா அது தொவைக்கிறது மட்டும்தான். அதுக்கு மேல ஒண்ணும் இல்ல. எனக்கு அது போதும். வரமாட்டேன்.”

துணி ஊறிக்கொண்டிருக்கிறது என்று உள்ளே யாரோ கூப்பிட்டார்கள். போய்விட்டாள். மூத்த சகோதரி எழுந்து, என்னைப் பார்க்காமலே, திரையை இழுக்கக் கையை நீட்டினாள், பிறகு என்ன நினைத்தாளோ, இழுக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். தியனோரா கை ஊன்றியிருந்த கல்விளிம்பில் ஈரம் இருந்தது, ஒரு உள்ளங்கையும் விரல்களுமாக. ஓரங்களிலிருந்து அது உள்நோக்கிக் காய்ந்துகொண்டிருந்தது.